42 கிலோமீட்டர் நட்பு!

மும்பை மாரத்தானுக்குக் கூட்டாளிகளோடு கிளம்பும் ஓட்டக்காரர்கள்: கொண்டாட்டம் எவ்வளவு, கவனம் எவ்வளவு?

ஜனவரியின் மூன்றாவது ஞாயிறு. அதிகாலை மணி நான்கு. மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் (சி.எஸ்.எம்.டி.) வந்து நிற்கும் லோக்கல் ரயிலிலிருந்து கூட்டம் கொட்டுகிறது. டிபன் பாக்ஸோ லேப்டாப் பையோ யார் தோளிலும் இல்லை. நெஞ்சில் நான்கு ஊக்கு குத்திய எண் அட்டை. காலில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் ஷூக்கள். இந்த ஒரு நாளுக்காக ரயில்வே விடியுமுன்பே சிறப்பு வண்டிகள் விடுகிறது.

நடைமேடை ஓரமாக ஒருவர் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வாசலின் தடவிக்கொள்கிறார். பார்ப்பவர் யாரும் முகம் சுளிப்பதில்லை. இன்னொருவர் உரித்த வாழைப்பழத்தில் பாதியைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுகிறார். கழிப்பறை வரிசை வளைந்து வளைந்து நீள்கிறது. அதில் நிற்பவர்களின் கவலைதான் அந்த நேரத்தில் உலகத்திலேயே பெரிய கவலை. மராத்தி, இந்தி, குஜராத்தி இரைச்சலுக்கு நடுவே, “ஏனுங்ணா, பின்னு ஒண்ணு மிச்சம் இருக்குதுங்களா?” என்று ஒரு கோவைக் குரல். “இந்தா தம்பி, ரெண்டா வெச்சுக்கோ” என்று ஒரு சென்னைக் கை.

ஐந்து மணிக்கு ஃபுல் மாரத்தான் கிளம்பியாக வேண்டும். ஓட்டம் தனியாள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால், தனியாக வந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே நிற டி-ஷர்ட்டில் ஐந்து பேர், பத்துப் பேர், இருபது பேர் என்று கூட்டம் கூட்டமாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனவரி வந்தால் ஓட்டம்

பெசன்ட் நகர் கடற்கரையிலும் கோவை ரேஸ்கோர்ஸிலும் காலையில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தவர்கள், பிறகு வாட்ஸ்அப் குழு ஆனார்கள். குழுவுக்கு ஒரு பெயர் வந்தது; டி-ஷர்ட் வந்தது; ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம்) முடிந்ததும் சேர்ந்து இட்லி, ஃபில்டர் காபி என்ற வழக்கம் வந்தது. அடுத்து வந்ததுதான் வெளியூர் மாரத்தான். வங்கி அதிகாரி, ஐ.டி. ஊழியர், பல் மருத்துவர், பள்ளி ஆசிரியை, சொந்தக் கடை வைத்திருப்பவர் என்று வேறு எந்த வகையிலும் ஒன்றுசேர வாய்ப்பில்லாதவர்கள் ஒன்றாக டிக்கெட் போட்டு, ஒரே ஓட்டலில் அறை எடுத்து, வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்புகிறார்கள்.

ஜனவரியில் இது உச்சத்துக்குப் போகிறது. மாதத் தொடக்கத்தில் சென்னை மாரத்தான். மூன்றாவது ஞாயிற்றில் மும்பை. இடையில் பொங்கல். கிளம்பும் முன் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாற்பது வயதுக்காரர் ஒருவரை, பகலில் மாடிப்படி ஏறவே அலுத்துக்கொண்டவரை, 42 கிலோமீட்டர் ஓட வைப்பது கூட்டாளிகள்தான். ஓடக் கூடாத நாளில் அவரை ஓட வைப்பதும் சில சமயம் அதே கூட்டாளிகள்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வாரக்கடைசிக் கொண்டாட்டம் முழுசாகப் புரியும்.

முதலில், இந்த ஓட்டம் நம் ஊருக்கு வந்த கதையின் சுருக்கம். மாரத்தானின் இன்றைய தூரமான 42.195 கிலோமீட்டர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டது. 1921-ல் அதுவே உலக அளவுகோல் ஆனது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 1897-லேயே ஆண்டு மாரத்தானைத் தொடங்கிவிட்டது. மும்பைக்கு அது வந்தது 2004-ல். விக்டோரியா டெர்மினஸ் என்று பழைய பெயரில் பலரும் சொல்லும், ஓட்டம் தொடங்கும் அந்த ரயில் நிலையக் கட்டடம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அதே ஆண்டுதான். சென்னையில் ‘சென்னை ரன்னர்ஸ்’ அமைப்பு 2006-ல் உருவானது. கோவை, புற்றுநோய் விழிப்புணர்வுக்காகத் தன் மாரத்தானை 2013-ல் தொடங்கியது. சென்னையின் முன்னாள் மேயர் மா.சுப்பிரமணியன் நடுவயதில் ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டங்களில் கலந்துகொண்டது, “நம்மாலும் முடியும்போல” என்ற நினைப்பைப் பலருக்குக் கொடுத்தது.

---
▣ எண்களில் மும்பை மாரத்தான்

• முதல் ஓட்டம்: 2004. இப்போது ஆண்டுதோறும் ஜனவரி மூன்றாவது ஞாயிறு.
• ஃபுல் 42.195 கி.மீ., ஹாஃப் 21.097 கி.மீ., 10 கி.மீ. ஓட்டங்களோடு மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓட்டங்களும், ‘ட்ரீம் ரன்’ என்ற மக்கள் ஓட்டமும் உண்டு.
• 2025-ல் நடந்த 20-வது ஓட்டத்தில் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துப் பங்கேற்றவர்கள் 60,000-க்கும் மேல்.
• ஆண்கள் பாதைச் சாதனை: எத்தியோப்பியாவின் ஹைலே லெமி, 2 மணி 7 நிமிடம் 32 விநாடி. நாள்: 2023 ஜனவரி 15, பொங்கல் திருநாள்!
• பெண்களில் கென்யாவின் வேலன்டைன் கிப்கெட்டர் 2013-ல் 2 மணி 24 நிமிடம் 33 விநாடியில் ஓடி முடித்தார்.
• நான்கு மணி நேரத்தில் முடிக்க விரும்புபவர் ஒவ்வொரு கிலோமீட்டரையும் சுமார் 5 நிமிடம் 41 விநாடியில் ஓட வேண்டும்.
---

மாட்டுங்காவில் வாழையிலை

மாரத்தான் வாரக்கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதில்லை. எண் அட்டையை, ஓட்டக்காரர்கள் சொல்கிறபடி ‘பிப்’பை, ஓட்ட நாளன்று தரமாட்டார்கள். முன்கூட்டியே கண்காட்சிக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். அதனால் வெளியூர்க்காரர்கள் வெள்ளி அல்லது சனிக்கிழமையே வந்து இறங்குகிறார்கள். அந்த அட்டையில்தான் நேரத்தைப் பதியும் சிப் இருக்கிறது. அதைக் கையில் வாங்கியதும் பிடிக்கும் போட்டோவில் எல்லோர் முகத்திலும் பரீட்சை ஹால் டிக்கெட் வாங்கிய களை.

கண்காட்சியில் ஷூ, சாக்ஸ், கைக்கடிகாரம், எனர்ஜி ஜெல், மசாஜ் கருவி என்று கடை விரித்திருப்பார்கள். அங்கே நிற்கும்போதுதான் அனுபவசாலிக் கூட்டாளி தேவைப்படுகிறார். புது ஷூவைத் தூக்கிப் பார்க்கும் புதியவரிடம், “வாங்கிக்கோ, ஆனா நாளைக்குப் போடாதே” என்று அவர் சொல்வார். ஓட்ட நாளில் புதிதாக எதையும் முயலக் கூடாது என்பது உலகம் முழுக்க ஓட்டக்காரர்களின் முதல் விதி. காலுக்குப் பழகாத ஷூ முதல் பத்துக் கிலோமீட்டருக்குள் கொப்புளம் கிளப்பிவிடும்.

அடுத்தது சாப்பாடு. ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு, மூன்று நாட்களில் மாவுச்சத்தைக் கூட்டிச் சாப்பிடுவதை ‘கார்ப் லோடிங்’ என்கிறார்கள். வெளிநாட்டு ஓட்டக்காரர்களுக்கு அது பாஸ்தா. நம்மவர்களுக்கு அரிசி இருக்க என்ன கவலை? மும்பையின் மாட்டுங்கா நூறாண்டுக்கு நெருக்கமாகத் தென்னிந்தியர்களின் பேட்டையாக இருந்துவருகிறது. மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டி 1942-ல் தொடங்கப்பட்ட ராமநாயக் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங், வாழையிலையில் சோறு, சாம்பார், ரசம், மோர் என்று பரிமாறுகிறது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 1940 முதல் இயங்கும் கஃபே மெட்ராஸில் இட்லிக்குக் காத்திருக்கும் வரிசையில் சனிக்கிழமை காலை ஓட்ட டி-ஷர்ட்டுகளைப் பார்க்கலாம். பெரும்பாலும் பொங்கல் முடிந்த வாரம் என்பதால் தாராவியில் நம் மக்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கிய சூடும் இன்னும் ஆறியிருக்காது.

சாப்பாட்டிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மாவுச்சத்தைக் கூட்டுவது வேறு, வயிற்றை ரொப்புவது வேறு. சனிக்கிழமை இரவு பாவ் பாஜி, வறுத்த மீன் என்று இறங்கியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வழிநெடுகத் தற்காலிகக் கழிப்பறை எங்கே என்பதே தேடலாகிவிடும். ஏழு, ஏழரைக்குள் பழகிய உணவு, ஒன்பது மணிக்குப் படுக்கை. தூக்கம் வராது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அந்த ஒரு ராத்திரித் தூக்கத்தைவிட வியாழன், வெள்ளி இரவுகளின் தூக்கம்தான் முக்கியம் என்பார்கள் பயிற்சியாளர்கள்.

கடல்மேல் ஓர் ஓட்டம்

நடந்துபோக அனுமதியில்லை; டூ வீலருக்கும் அனுமதியில்லை. 2009-ல் திறக்கப்பட்ட பாந்த்ரா–வொர்லி கடல் பாலம், கார் வைத்திருப்பவர்களின் பாலம். சுமார் 5.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் சாதாரண மனிதர் கால் பதிக்கும் வாய்ப்பு மாரத்தான் நாளில்தான் கிடைக்கிறது. இருட்டில் மரீன் டிரைவ் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கிளம்பியவர்கள் பாலத்துக்கு வரும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். வேகமாக ஓடுபவர்கள்கூட அங்கே ஒரு நிமிடம் நின்று கூட்டாளிகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நேரம் போனால் போகட்டும், பாலம் தினமும் கிடைக்குமா?

மும்பைக்கு இன்னொரு விசேஷம். ஐந்து மணிக்கு நம்மைப் போன்றவர்களை அனுப்பிவிட்டு, ஏழு மணிக்கு மேல்தான் உலகத் தர வீரர்களைக் கிளப்பிவிடுகிறார்கள். அவர்கள் நம்மைப் பின்னாலிருந்து வந்து பிடிக்கிறார்கள். முப்பதாவது கிலோமீட்டர் தாண்டி ஒருவர் முனகிக்கொண்டு போகும்போது, எத்தியோப்பிய, கென்ய வீரர்கள் ஏழெட்டுப் பேர் பக்கத்திலேயே பறந்து போவார்கள். டெண்டுல்கர் ஆடிய பிட்ச்சில் அதே நேரத்தில் நாமும் மட்டை பிடித்திருக்க முடியுமா? மாரத்தானில் அது முடிகிறது.

ஊர் மக்கள் வேறு. பெடர் ரோடு ஏற்றம் மும்பை ஓட்டக்காரர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடும் பெயர். 35 கிலோமீட்டரைத் தாண்டிக் கால் கனக்கும் நேரத்தில் எதிரே வந்து நிற்பது அந்த மேடு. அங்கேதான் அடுக்குமாடிக் குடும்பங்கள் வாசலுக்கு வந்து ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், கடலை மிட்டாய், உப்பு என்று தட்டில் வைத்து நீட்டுகின்றன. டோல் மேளம் அடிக்கிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள். நெஞ்சிலிருக்கும் அட்டையில் பெயரைப் படித்து, உறவுக்காரரைக் கூப்பிடுகிற உரிமையோடு கூவுகிறார்கள். வலிநிவாரணி ஸ்ப்ரே அடிக்கத் தொண்டர்கள் தயாராக நிற்கிறார்கள்.

30-க்குப் பிறகு யார் துணை?

உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் தோராயமாக 2,000 கலோரிக்குத்தான் வரும். 70 கிலோ எடையுள்ளவர் மாரத்தானை முடிக்க ஏறக்குறைய 2,900 கலோரி வேண்டும். கணக்கில் துண்டு விழும் இடம் பெரும்பாலும் 30-லிருந்து 35-வது கிலோமீட்டர். ஓட்டக்காரர்கள் அதை ‘வால்’, அதாவது சுவர் என்கிறார்கள். நேரத்துக்கு ஜெல்லோ பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்குச் சுவர் தாழ்வாக இருக்கும். முதல் பாதியில் உற்சாகத்தில் பறந்தவர்களுக்கு அது மலை.

கூட்டாளியின் அருமை அங்கேதான் தெரியும். 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படகோட்டும் மாணவர்களைத் தனியாகவும் கூட்டாகவும் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். செய்த வேலை ஒன்றுதான். ஆனாலும் கூட்டாகச் செய்தபோது வலியைத் தாங்கும் சக்தி கூடியிருந்தது. சேர்ந்து ஒரே தாளத்தில் உடம்பை அசைக்கும்போது, வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் கூடுதலாகச் சுரக்கலாம் என்று அவர்கள் விளக்கினார்கள். நம் ஊர் வயலில் நடவுக்கு இறங்கிய பெண்கள் இதை ஆய்வில்லாமலே அறிந்திருந்தார்கள்.

தெரிந்த நண்பர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் ‘பேஸர்’ இருக்கிறார். 4:00, 4:30, 5:00 என்று நேரம் எழுதிய கொடியைத் தாங்கிக்கொண்டு சீரான வேகத்தில் ஓடுபவர். அவர் பின்னால் திரளும் கூட்டத்தை ‘பஸ்’ என்கிறார்கள். பஸ்ஸில் ஏறியவர்களுக்கு மொழி தேவையில்லை. தண்ணீர் பாட்டில் கை மாறும். தசைப்பிடிப்பு வந்தவரின் கெண்டைக்காலை முன்பின் தெரியாதவர் நீவிவிடுவார்.

விடியுமுன் வீதியில் பெண்கள்

மாரத்தானுக்கு நான்கு, ஐந்து மாதப் பயிற்சி வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் அது அதிகாலை நாலரைக்கே தொடங்கியாக வேண்டும். அந்த இருட்டில் ஒரு பெண் தனியாகச் சாலையில் ஓடினால் வீட்டுக்கும் கவலை, அவருக்கும் கவலை. நாய்களோ தனிக் கவலை. ஓட்டக் குழுக்கள் வந்த பிறகுதான் பல பெண்களுக்கு அந்த நேரம் திறந்தது. “குரூப்போட போறேன்” என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ வீடுகளில் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. காலையில் ஓட்டம், பிறகு பிள்ளைக்கு டிபன் பாக்ஸ், பிறகு ஆபீஸ் என்று பழகியவர்களுக்கு மும்பைப் பயணம், தோழிகளோடு போகும் முதல் வெளியூர்ப் பயணமாகக்கூட அமைகிறது.

பெண்கள் மாரத்தான் ஓடினால் உடம்பு தாங்காது என்று சொல்லிவந்த காலம் ரொம்பப் பழையதல்ல. பாஸ்டனில் பெண்களை முறைப்படி அனுமதித்தது 1972-ல், ஒலிம்பிக்கில் 1984-ல்தான். மும்பையைச் சேர்ந்த கிராந்தி சால்வி, 2018 பெர்லின் மாரத்தானை ஒன்பது கஜம் புடவையிலேயே ஓடி, 3 மணி 57 நிமிடம் 7 விநாடியில் முடித்தார். அரைக்கால்சட்டை போட்ட ஆண்களில் பெரும்பாலோருக்கு அந்த நேரம் எட்டாக்கனி.

---
▣ கடைசி 48 மணி நேரம்

• தினமும் குடிக்கும் அளவுக்குத் தண்ணீர். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதும்.
• இட்லி, இடியாப்பம், சோறு நல்லது. கீரை, பயறு, எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைக்கவும்.
• சனிக்கிழமை ஊர் சுற்ற வேண்டாம். கொலாபா ஷாப்பிங் திங்கட்கிழமைக்கு இருக்கட்டும்.
• பிப், ஊக்கு, சாக்ஸ், ஜெல், வாசலின் எல்லாவற்றையும் இரவே எடுத்து வைத்துவிடவும். அட்டையின் பின்பக்கம் ரத்த வகை, உடல்நலக் குறிப்பு, அவசரத் தொலைபேசி எண் மூன்றையும் மறக்காமல் எழுதவும்.
• வலி வருமோ என்ற பயத்தில் முன்கூட்டியே வலி மாத்திரை போட வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.
• ஓட்டம் முடிந்து சந்திக்கும் இடத்தை முந்தைய நாளே முடிவு செய்யவும். கூட்ட நெரிசலில் போன் கிடைக்காமல் போகலாம்.
---

நட்பு தள்ளிவிடும்போது

2017-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. செயலியில் ஓட்டத்தைப் பதிவு செய்யும் சுமார் 11 லட்சம் பேரின் ஐந்தாண்டுத் தகவல்கள். நண்பர் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால், அதே நாளில் நாமும் ஏறக்குறைய 0.3 கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறோம் என்று அது கண்டது. ஓட்டம் தொற்றுகிறது. சோம்பேறிகளை எழுப்பிவிடும் வரை இது வரம். காய்ச்சல் விட்டு ஒரு வாரம்கூட ஆகாதவரையும், முழங்கால் வீங்கியவரையும் எழுப்பிவிடும்போது அதுவே வினை.

பிரச்சினை எப்படி வருகிறது? டிக்கெட் போட்டாகிவிட்டது. அறைக்குப் பணம் பிரித்தாகிவிட்டது. குழுவில் எல்லோரும் தங்கள் லாங் ரன் படத்தைப் போடுகிறார்கள். நடுவில் பின்தங்கியவர், “நான் ஹாஃபுக்கு மாறிக்கறேன்” என்று சொல்லக் கூச்சப்படுகிறார். சொன்னாலும், “அதெல்லாம் ஓடிடலாம் மச்சி” என்று பத்து இமோஜி வந்து விழுகிறது. ஜனவரி முதல் வாரம் சென்னையில் ஃபுல் ஓடியவர், தேறுவதற்கு நேரம் கொடுக்காமல் மும்பையிலும் ஃபுல் ஓட நிற்பது இப்படித்தான். தசைநாருக்கும் எலும்புக்கும் வாட்ஸ்அப் கிடையாது; அவை தம் கணக்குப்படிதான் ஆறும்.

எண்ணின் மோகம் இன்னொரு பக்கம். ஏறக்குறைய 98 லட்சம் மாரத்தான் முடிவு நேரங்களை அலசிய பொருளாதார ஆய்வாளர்கள், 3 மணி, 3:30, 4 மணி என்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் மட்டும் ஆட்கள் குவிவதைக் கண்டார்கள். 3:59 என்று போடுவதற்காகக் கடைசிக் கிலோமீட்டர்களில் உயிரைக் கொடுத்து ஓடுகிறோம். 4:01 வந்தால் உடம்புக்கு ஒன்றும் குறைந்துவிடாது. குழுவில் சொல்வதற்குத்தான் குறை.

உயிரைக் கொடுத்து என்பது சில சமயம் சொல்லுக்காக மட்டும் இல்லை. 2024 மும்பை மாரத்தானில் பங்கேற்ற இருவர் இறந்தார்கள். 2023 ஜூலையில் மதுரையில் நடந்த ரத்ததான விழிப்புணர்வு மாரத்தானில் ஓடிய கல்லூரி மாணவர் ஒருவர் ஓட்டத்துக்குப் பின் உயிரிழந்தார். பயமுறுத்த வேண்டியதில்லை, கணக்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை ஃபுல், ஹாஃப் ஓடிய சுமார் 1.09 கோடிப் பேரை ஆராய்ந்ததில், 1,84,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இதயத் துடிப்பு நின்றுபோனது. ஃபுல் ஓடியவர்களுக்கு இந்த ஆபத்து ஹாஃப் ஓடியவர்களைவிட அதிகம். 2010–2023 காலத்துக்கான தொடர் ஆய்வு 2025-ல் வந்தது. துடிப்பு நிற்கும் விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. இறப்பு மட்டும் பாதியாகக் குறைந்திருந்தது. விழுந்தவரின் நெஞ்சை உடனே அழுத்தி சி.பி.ஆர். கொடுப்பதும், அதிர்வு கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் கருவி பக்கத்திலேயே இருப்பதும்தான் பெருமளவு காரணம். பக்கத்தில் ஓடுபவருக்கு என்ன தெரியும் என்பது உயிர் விஷயம்.

தண்ணீரும் அளவோடுதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவுக் கோட்டில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவிகிதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடி, வழியில் நிறையக் குடித்து, ஓட்டத்தின்போதே எடை கூடியவர்களுக்கு ஆபத்து அதிகம். “குடி, குடி” என்று ஒவ்வொரு மேசையிலும் வற்புறுத்தும் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

---
▣ இந்த நாளில் ஓட வேண்டாம்

• முந்தைய ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்திருந்தால்; வயிற்றுப்போக்கு இருந்தால்.
• மூட்டிலோ எலும்பிலோ நொண்டி நடக்க வைக்கும் வலி இருந்தால்.
• 40 வயதைத் தாண்டியும், அல்லது சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இள வயது மாரடைப்பு என்று ஏதாவது இருந்தும், இதயப் பரிசோதனை செய்யாமல் வந்திருந்தால்.

வழியிலேயே நிறுத்தவும்: நெஞ்சு இறுக்கம், தாடையிலோ தோளிலோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், வியர்வை திடீரென நின்று குளிர் எடுத்தல், பேச்சுக் குழறல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓரமாக உட்கார்ந்து மருத்துவ உதவி கேட்கவும். பக்கத்தில் ஓடுபவரிடம் இவை தெரிந்தால் நீங்களும் நிற்கவும்.
---

பணம், வீடு, ஊர்

ஓடுவதற்குக் காசு வேண்டாம் என்பது ஊர் மைதானத்தில் ஓடும் வரைதான் உண்மை. பதிவுக் கட்டணம், ரயில் அல்லது விமானம், இரண்டு மூன்று இரவு மும்பை ஓட்டல், சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்துபோகும் ஷூ என்று கூட்டினால், ஒரு குடும்பத்தின் சுற்றுலாச் செலவு ஒருவரின் மாரத்தானில் போய்விடும். அறையைப் பகிர்ந்து, ரயிலில் போய் வரும் குழுக்கள் இதில் புத்திசாலிகள். சென்னையிலிருந்து நேராகச் சி.எஸ்.எம்.டி.க்கே வண்டி இருக்கிறது. ஓட்டம் தொடங்குவதும் அதே வாசலில்தான்.

பணத்தைவிடக் கனமானது ஞாயிற்றுக்கிழமை. நான்கு மாதம் ஞாயிறு காலை முழுக்க ஓட்டத்துக்கு, மதியம் முழுக்கத் தூக்கத்துக்கு என்றால், வீட்டில் யாரோ ஒருவர் அந்த நேரத்தைத் தம் பங்கிலிருந்து கொடுக்கிறார். பெரும்பாலும் மனைவி. மெடலோடு எடுத்த படத்துக்கு விழும் லைக்குகளில் அவர் கணக்கு வருவதில்லை. குடும்பத்தையும் மும்பைக்கு அழைத்துப்போய் ட்ரீம் ரன்னில் சேர்த்துவிடும் குழுக்கள் உண்டு. பொம்மை வேஷம், பாரம்பரிய உடை, கையில் பதாகை என்று நடந்தும் ஆடியும் போகும் அந்தச் சிறு ஓட்டத்தில் பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம் அதிகம்.

ஊரும் விலை கொடுக்கிறது. பாதிப் பகல் சாலைகள் மூடப்படுகின்றன. பாதையோரம் காலி பாட்டில்களும் ஜெல் உறைகளும் சிதறுகின்றன. பதிலுக்கு ஊருக்குக் கிடைப்பதும் உண்டு. ‘யுனைடெட் வே மும்பை’ வழியாகத் தொண்டு நிறுவனங்களுக்கு இந்த ஒரு நாள் ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் திரட்டித் தருகிறது. நண்பர்களிடம் நன்கொடை கேட்டு, அந்தக் காரணத்துக்காக ஓடுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குழுவாகப் போகிறவர்கள் ஒரு காரணத்தைச் சேர்ந்து தேர்ந்தெடுத்தால் பயணத்துக்கு இன்னும் பொருள் கூடும்.

நேரமே பார்க்காத ஓட்டம்

பெருநகர ஓட்டம்தான் ஓட்டம் என்றில்லை. ஆரோவில்லில் 2008 முதல் பிப்ரவரியில் ஒரு மாரத்தான் நடக்கிறது. செம்மண் பாதை, மர நிழல். சிப் இல்லை, தரவரிசை இல்லை, பரிசும் இல்லை. யார் முந்தினார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மும்பையில் நேரத்தைத் துரத்திக் களைத்த குழுக்கள் பல அடுத்த மாதம் அங்கே போய் ஒன்றாகவே ஓடி, ஒன்றாகவே முடிக்கின்றன. ஒரே குழு இரண்டு இடத்திலும் ஓடிப் பார்த்தால், தங்களுக்குள் இருப்பது நட்பா போட்டியா என்பது தெரிந்துவிடும்.

கிளம்பும் முன்

அடுத்த ஜனவரிக்கு மும்பை போக நினைப்பவர்கள் இப்போதே பேச வேண்டிய விஷயங்கள் சில உண்டு. பதிவு பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். முதல் முறை போகிறவர்கள் ஹாஃபில் தொடங்குங்கள். ஒரே குழுவில் ஒருவர் ஃபுல், ஒருவர் ஹாஃப், ஒருவர் பத்து என்று ஓடலாம். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் ஒரே இடம்தான். காயம்பட்டு ஓட முடியாமல் போனவரையும் அழைத்துப் போங்கள். பெடர் ரோட்டில் ஆரஞ்சுச் சுளை நீட்டுவதற்கும் ஆள் வேண்டும்.

ஓட்டக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். டி-ஷர்ட் அடிக்கும் முன், குழுவில் உள்ள அத்தனை பேரும் ஒரு சனிக்கிழமை சேர்ந்து சி.பி.ஆர். கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று மணி நேர வேலைதான் அது. இன்னொன்று: “இன்னைக்கு எனக்கு முடியல” என்று ஒருவர் சொன்னால், “சரி, விடு” என்று முதல் பதில் போடுபவர் குழுவின் மூத்த ஓட்டக்காரராக இருக்கட்டும். அப்படிச் சொல்லக்கூடிய நண்பர் உங்கள் குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் தாராளமாக டிக்கெட் போடுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு அந்த நண்பராக நீங்களே இருங்கள்.